ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: விலை சொல்வது, பில் போடுவது, பணம் வாங்குவது

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி, குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை என்று எந்தப் பக்கம் போய் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் லேத் சத்தம் கேட்கும். பம்ப், மோட்டார், வால்வு, ஜவுளி இயந்திரம் செய்யும் பெரிய கம்பெனிகளுக்கு வேண்டிய பாகங்கள் பல இந்தச் சந்துகளில்தான் கடைந்து எடுக்கப்படுகின்றன. கம்பெனி மெட்டீரியல் தரும், நாங்கள் கூலிக்குக் கடைந்து கொடுப்போம். அதுதான் ஜாப் ஒர்க். இந்தப் பட்டறைக்காரர்களில் நிறையப் பேர் என்னைப்போல மிஷினில் ஆபரேட்டராக நின்று, பிறகு ஒரு பழைய லேத் வாங்கிப் போட்டுத் தொடங்கியவர்கள். மைக்ரோமீட்டரில் ஒரு மைக்ரான் தள்ளினாலும் எங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மேஜைக்கு எதிரே உட்கார்ந்து "பீஸ் என்ன ரேட்?" என்று பர்ச்சேஸ் மேனேஜர் கேட்கும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதையும் நான் சொல்லும் பதில்களையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

எனக்கு வேலை சுத்தமாகத் தெரியும். தனியாகத் தொடங்க அது போதாதா?

போதாது. சம்பளத்துக்கு இருந்தவரை நீங்கள் நல்ல பீஸ் எடுத்தால் மாதம் பிறந்ததும் பணம் வந்தது. விலை சொன்னது, பில் போட்டது, வசூலுக்கு அலைந்தது எல்லாம் முதலாளி தலையில் இருந்தது. இனி அந்த மூன்றும் உங்கள் வேலை. எனக்குத் தெரிந்து மூடிய பட்டறைகளில் வேலை சரியில்லாமல் மூடியவை மிகக் குறைவு. கையில் ஆர்டர் இருக்க, மிஷின் ஓட, சம்பள நாளில் பெட்டியில் பணம் இல்லாமல் மூடியவைதான் அதிகம்.

வேலையில் இருக்கும்போதே ஒரு வருடம் இதையெல்லாம் கவனித்துப் பழகுங்கள். டிராயிங்கைப் பார்த்ததும் எத்தனை நிமிடம் ஆகும் என்று மனதில் ஒரு கணக்குப் போட்டு, பீஸ் முடிந்தபின் சரி பாருங்கள். அந்த ஒரு பழக்கம் இருந்தால் பின்னால் கொட்டேஷன் போடுவது எளிது.

மணிக்கூலியை எப்படிக் கணக்கிடுவது? எல்லாரும் "மார்க்கெட் ரேட்" என்கிறார்களே?

மார்க்கெட் ரேட் என்பது மற்றவருடைய செலவுக்கு ஏற்ற ரேட். அவருக்குச் சொந்தக் கட்டடமாக இருக்கும், மிஷின் கடன் முடிந்திருக்கும். உங்கள் ரேட் உங்கள் நோட்டிலிருந்துதான் வர வேண்டும்.

ஒரு சிஎன்சி டர்னிங் மிஷினை, அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் லேத்தை எடுத்துக்கொள்வோம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். மிஷின் 18 லட்சம். 8 வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதத் தேய்மானம் 18,750. சராசரி வட்டி 8,250. இரண்டும் சேர்ந்து 27,000. வாடகையில் இந்த மிஷினின் பங்கு 6,000. ஒரு ஷிஃப்ட் ஆபரேட்டர் சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ சேர்த்து 22,000. கரண்ட் 9,000. இன்சர்ட் (தேயத் தேய மாற்றும் வெட்டு முனை), கூலன்ட், ஆயில் 10,000. மெயின்டனன்ஸ் 4,000. உங்கள் சம்பளம், போன், வண்டி பெட்ரோல், ஆடிட்டர் செலவில் இந்த மிஷினின் பங்கு 12,000. ஆக மாதம் 90,000 ரூபாய்.

தவறு நடப்பது இதற்கு அடுத்த படியில். 25 நாள், 8 மணி, ஆக 200 மணி என்று வகுத்து மணிக்கு 450 என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு மாதம் மிஷினுக்குப் பக்கத்தில் நோட்டைத் தொங்கவிட்டு, ஓடிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் ஆபரேட்டரையே குறிக்கச் சொல்லுங்கள். மெட்டீரியல் வரவில்லை, முதல் பீஸ் அப்ரூவலுக்குப் போயிருக்கிறது, கரண்ட் இல்லை, ஆள் லீவு என்று எழுதிக்கொண்டே வந்தால் உண்மையில் வேலை நடந்தது 140 மணி என்று தெரியவரும். 90,000-ஐ 140-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 643 ரூபாய். இது வெறும் அடக்கம். இதன்மேல் 15 சதவீத லாபம் வைத்தால் 740 ரூபாய்.

450-க்கும் 643-க்கும் நடுவில் உள்ள 193 ரூபாயை, ஓடுகிற ஒவ்வொரு மணிக்கும் கையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு வருடம் தெரியாது, மிஷினின் தேய்மானத்தைத்தான் தின்றுகொண்டிருப்பீர்கள். ஸ்பிண்டில் பேரிங் போய், மாற்றப் பணம் தேடும் நாளில்தான் தெரியும்.

உங்கள் சம்பளத்தைச் செலவில் சேர்க்கக் கூச்சப்படாதீர்கள். நீங்கள் ஒரு மாதம் படுத்துவிட்டால் அந்த வேலைக்கு ஆள் வைக்க வேண்டுமல்லவா, அந்தச் சம்பளம் அது.

அதை வைத்து ஒரு பீஸுக்கு எப்படி ரேட் சொல்வது?

சைக்கிள் டைம், அதாவது மிஷின் ஒரு பீஸைக் கடையும் நேரம், 3 நிமிடம் 20 விநாடி, மாட்டிக் கழற்ற 40 விநாடி என்றால் ஒரு பீஸுக்கு 4 நிமிடம், மணிக்கு 15 பீஸ். 740-ஐ 15-ஆல் வகுத்தால் 49 ரூபாய் 30 காசு.

செட்டிங் நேரத்தை, அதாவது புது ஜாபுக்கு மிஷினைத் தயார்செய்யும் நேரத்தை, தனியாகச் சேருங்கள். 2 மணி நேரம் செட்டிங் என்றால் 1,480 ரூபாய். 1,000 பீஸ் ஆர்டரில் அது பீஸுக்கு ஒன்றரை ரூபாய்கூட வராது. 100 பீஸ் ஆர்டரில் பீஸுக்கு 14 ரூபாய் 80 காசு. 1,000 பீஸுக்கு ரேட் வாங்கிவிட்டு 100, 100-ஆகப் பிரித்து அனுப்பும் பார்ட்டிகள் (ஆர்டர் தரும் கம்பெனிகள்) உண்டு. அதனால் கொட்டேஷனில் "ஒரு தடவைக்குக் குறைந்தது இத்தனை பீஸ்" என்று எழுதியே கொடுங்கள். இன்னொன்று: செட்டிங்கைத் தனியாக வாங்கினால் அந்த மணிகளையும் மேலே சொன்ன 140-க்குள் சேர்த்தே எண்ண வேண்டும். நின்ற நேரமாகக் கழித்துவிட்டு இங்கேயும் வாங்கினால் ரேட் தேவையில்லாமல் ஏறி ஆர்டர் கைநழுவும்.

"பக்கத்துப் பட்டறையில் 38 ரூபாய்க்குச் செய்கிறார்கள்" என்றால்?

அடக்கம் 43 ரூபாய் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் பதற்றம் இருக்காது. சாம்ஃபர் (ஓரத்தில் போடும் சரிவு) உள்ள பீஸ் என்றால் நான் சொல்வது இதுதான்: "அண்ணா, 38-க்கு எனக்குக் கட்டாதுங்க. இந்தச் சாம்ஃபருக்கு டூல் மாத்தறதுலயே அரை நிமிஷம் போகுது. டிசைன்ல பேசி அதை ஸ்டாண்டர்ட் சைஸாக்கிக் குடுத்தீங்கன்னா 45-க்கு வர்றேன்." நேரத்தைக் குறைக்க வழி காட்டிவிட்டுப் பிறகு விலையைக் குறைத்தால் மரியாதை இருக்கும். காரணமே இல்லாமல் 49-லிருந்து 40-க்கு இறங்கினால், முதலில் சொன்ன 49 ஏமாற்று விலை என்று அவர் எடுத்துக்கொள்வார். அடுத்த தடவை 30-க்குக் கேட்பார்.

மிஷின் சும்மா நிற்கிற மாதத்தில் குறைந்த ரேட்டுக்கு ஒரு ஆர்டர் எடுப்பது தப்பில்லை. ஆபரேட்டர் சம்பளமும் வாடகையும் எப்படியும் போகப்போகிறது. ஆனால் "இந்த ஒரு லாட்டுக்கு மட்டும்" என்று ஆர்டரில் எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால் அதுவே நிரந்தர ரேட்.

பழகிய பார்ட்டிதான். எழுத்தில் ஆர்டர் கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்களா?

நானும் அப்படி நினைத்துத்தான் ஒரு தடவை அடிபட்டேன். நல்ல பழக்கமான ஒரு கம்பெனி. போனில் "போன தடவை மாதிரியே 400 புஷ் போட்டுடு" என்றார்கள். போட்டேன். இடையில் டிராயிங் மாறியிருக்கிறது. உள்விட்டத்தின் டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) இறுகியிருந்தது. புது டிராயிங் எனக்கு வரவில்லை. 400-ம் திரும்பி வந்தன. என் கூலியும் போனது, அவர்கள் கொடுத்த மெட்டீரியலின் விலையும் என் கணக்கில் டெபிட் ஆனது, அதாவது கழிக்கப்பட்டது. போனில் சொன்னவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே மாற்றம் தெரியாது. ஆனால் என் கையில் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் ஆர்டர் நகல் மேஜைக்கு வராமல் மிஷினில் ஜாப் ஏறாது. பர்ச்சேஸ் ஆர்டர் தாமதமானால் நாங்களே ஒரு வாட்ஸப் அனுப்பிவிடுவோம்: டிராயிங் எண், ரிவிஷன் எண், அளவு, ரேட், டெலிவரி தேதி, பணம் எத்தனை நாளில், ரிஜெக்‌ஷன் ஆனால் யார் பொறுப்பு. கீழே "சரிதானே, உறுதி செய்யுங்கள்" என்று ஒரு வரி. எதிர்ப்பக்கத்திலிருந்து "ஓகே" என்று வந்தாலே பின்னால் பேச ஓர் ஆதாரம். இதுவரை யாரும் தப்பாக நினைக்கவில்லை. கொஞ்சம் கவனமான ஆள் என்றுதான் நினைக்கிறார்கள்.

டெலிவரி சலானில் என்ன பார்க்க வேண்டும்?

பில்லைவிட டிசி, அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சலான், முக்கியம் என்று பசங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டில் செக்யூரிட்டி போடும் ரவுண்ட் சீல், வண்டி உள்ளே வந்ததற்குத்தான் சாட்சி. சரக்கை எண்ணி வாங்கியதற்கு ஸ்டோர்ஸ் கையெழுத்து, தேதி, பீஸ் எண்ணிக்கை மூன்றும் வேண்டும். எங்கள் வண்டிக்காரர் அவசரத்தில் சீலோடு திரும்பி வந்த நாளில் 12 பீஸ் குறைவு என்றார்கள். மறுத்துப் பேச எங்களிடம் ஒன்றும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பணம் தர வேண்டிய நாளைச் சட்டம் கணக்கிடுவது சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து. அந்தத் தேதிக்குச் சான்று டிசிதான். ஒவ்வொரு டிசியையும் போட்டோ எடுத்து மாதவாரியாகப் போட்டு வையுங்கள். தெர்மல் காகித ரசீது என்றால் கட்டாயம் எடுங்கள், நாளாக நாளாக எழுத்து மறைந்துவிடும்.

ஜிஎஸ்டியால் கையில் பணம் நிற்பதில்லை. என்ன செய்வது?

ஜாப் ஒர்க்காரரை இது மற்றவரைவிட அதிகம் கடிக்கும், ஏன் என்று புரிந்துகொள்ளுங்கள். நம் பெரிய செலவுகள் சம்பளமும் கரண்டும். இரண்டிலும் ஜிஎஸ்டி கிடையாது, ஆகவே கழித்துக்கொள்ள இன்புட் கிரெடிட்டும் (நாம் வாங்கியவற்றுக்குக் கட்டிய ஜிஎஸ்டி) அதிகம் வராது. வசூலிக்கும் வரியில் பெரும்பகுதியைப் பணமாகவே கட்டியாக வேண்டும். 2019 அக்டோபரில் பொறியியல் ஜாப் ஒர்க்குக்கு 18 சதவீதம் 12 ஆனபோது மூச்சு விட்டோம். 2025 செப்டம்பர் 22 முதல் மறுபடி 18.

மாதம் 3 லட்சத்துக்கு பில் போடுகிறீர்கள் என்றால் வரி 54,000. மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் அதை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பார்ட்டி பணம் தந்தாரா என்று துறை கேட்காது. 60 நாள் கடன் கொடுத்திருந்தால் இரண்டு மாத பில் 6 லட்சம், வரி 1,08,000, ஆக 7,08,000 ரூபாய் எப்போதும் வெளியே நிற்கும். அந்த 7 லட்சம் உங்கள் கையிலிருந்தோ பேங்க் ஓவர்டிராஃப்ட் கடனிலிருந்தோதான் வர வேண்டும்.

வழி இரண்டு. கடன் நாள் கேட்கும் பார்ட்டியிடம் "கூலிக்கு 45 நாள் எடுத்துக்கங்க, ஜிஎஸ்டியை மட்டும் 15-ஆம் தேதிக்குள்ள போட்டு விடுங்க" என்று பேசிப் பாருங்கள். நிறைய இடத்தில் ஒத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அந்த வரியை அவர்கள் கிரெடிட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது, வரிக்குத் தனி அக்கவுண்ட். பணம் வந்த அன்றே 18 சதவீதத்தை அங்கே தள்ளிவிடுங்கள். அது நம் பணம் இல்லை என்பது மனதில் பதிய வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பார்ட்டி நம் பில்லில் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரியான டிடிஎஸ்ஸையும் மறக்காதீர்கள். உங்கள் பட்டறை தனிநபர் பெயரில் இருந்தால் 1 சதவீதம், பார்ட்னர்ஷிப்போ கம்பெனியோ என்றால் 2 சதவீதம் பிடிப்பார்கள். பிடித்ததைக் கட்டினார்களா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்கில் பாருங்கள்.

பணம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று பயம்.

இது நிறையப் பேர் மனதில் இருப்பது. எனக்கும் பல வருடம் இருந்தது. கேட்கப் போய், டீ குடித்து, குடும்ப நலம் விசாரித்து, பணத்தைப் பற்றிப் பேசாமலே திரும்பி வந்திருக்கிறேன்.

நான் கண்டது, தாமதமாகப் பணம் தரும் இடங்களில் முக்கால்வாசி கெட்ட எண்ணத்தால் தாமதிப்பவர்கள் அல்லர். அவர்கள் கையிலும் குறைந்த பணம்தான் இருக்கும். யார் கேட்டார்களோ அவர்களுக்கு முதலில் போகும். கேட்காதவருடைய பில் அடியில் போய்விடும்.

ஆகவே கேட்பதை ஒரு வழக்கமாக்கிவிடுங்கள், சண்டையாக்க வேண்டாம். எங்கள் முறை இது. பில் போன மூன்றாம் நாள் அக்கவுண்ட்ஸுக்கு ஒரு போன்: "பில் கிடைச்சுதுங்களா? ஜிஆர்என் போட்டாச்சுங்களா? எதாச்சும் திருத்தம் இருக்குதுங்களா?" ஜிஆர்என் என்பது சரக்கு வந்து சேர்ந்தது என்று கம்பெனி தன் கணக்கில் போடும் பதிவு. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பல பில்கள் நிற்பதே ஆர்டர் எண் தப்பு, ஜிஆர்என் ஆகவில்லை என்பதால்தான். அறுபதாம் நாள் கண்டுபிடிப்பதை மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிடலாம்.

தவணைக்கு ஐந்து நாள் முன்பு இரண்டாவது போன்: "அண்ணா, நம்ம பில் வர்ற வெள்ளிக்கிழமை 45 நாள் ஆகுதுங்க. பேமென்ட் லிஸ்ட்ல வந்துருச்சுங்களா?" தவணை தாண்டிய மறுநாள் மூன்றாவது. இதில் தேதி வாங்க வேண்டும். "பாக்கறனுங்க" என்பது பதில் ஆகாது. "எந்தத் தேதின்னு சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி சம்பளத்துக்கு ஏற்பாடு பண்ணிக்கறேன்" என்று கேளுங்கள். அவர் சொன்ன தேதியை அவருக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். அந்தத் தேதியில் நீங்கள் போன் செய்வீர்கள் என்று இரண்டு மாதத்தில் அவருக்குப் பழகிவிடும்.

யாரிடம் கேட்பது என்பதும் உண்டு. ஆர்டர் கொடுப்பவர் பர்ச்சேஸ், பணம் போடுபவர் அக்கவுண்ட்ஸ். பர்ச்சேஸிடம் பணம் கேட்டால் உறவு கசக்கும், பணமும் வராது. அக்கவுண்ட்ஸில் இருக்கும் அந்தப் பெண்ணோ பையனோ உங்கள் பெயரை நினைவில் வைத்திருக்கிற மாதிரி நடந்துகொள்ளுங்கள். பில்லை சுத்தமாக, ஆர்டர் நகலும் டிசி நகலும் பின் அடித்து அனுப்பினாலே அவர்களுக்கு நம்மேல் ஒரு மதிப்பு.

ஆர்டர் போய்விடும் என்ற பயத்துக்குப் பதில்: இந்த மாதிரி கேட்டதற்காக மட்டும் என்னை விட்டுப் போனவர்கள் இரண்டு பேர். இருவரிடமும் என்னைப்போல இன்னும் நான்கைந்து பேருக்குப் பாக்கி இருந்தது.

45 நாள் சட்டம் என்கிறார்களே, அது நமக்குப் பொருந்துமா?

பொருந்தும். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) வளர்ச்சிச் சட்டம் அது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ள முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, மாதாமாதம் கூட்டி. வங்கி விகிதம் 6 என்றால் வட்டி 18 சதவீதம்.

இதற்கு உத்யம் என்ற அரசின் எம்எஸ்எம்இ பதிவு வேண்டும். 2020 ஜூலை முதல் இருக்கிறது, முழுக்க இலவசம். கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசுடையது அல்ல. 2025 ஏப்ரல் முதல் முதலீடு இரண்டரை கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறுந்தொழில். 25 கோடி, 100 கோடி வரை சிறுதொழில். நம் சந்துப் பட்டறைகள் எல்லாம் குறுந்தொழில்தான். முதல் பில்லுக்கு முன்பே பதிவை முடித்துவிடுங்கள். பதிவுக்கு முன்னால் கொடுத்த சரக்குக்கு இந்தப் பாதுகாப்பைக் கேட்டுப் போனவர்கள் நீதிமன்றத்தில் சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு கிடைத்தாலும் இந்த 45 நாள் உரிமை கிடையாது.

நடைமுறையில் பலன் தருவது இன்னொரு விதி. 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் எச் என்ற உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் காலக்கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தரும் வருடம் வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்டிக் கழிக்க முடியாது என்ற விதி அப்போது வந்தது. அதாவது தாமதிக்கிற கம்பெனி அந்தத் தொகைக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டிவரும். அதனால் அவர்களுடைய ஆடிட்டரே நம் பக்கம் பேசுவார். பில்லில் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். மார்ச்சில் கணக்கு முடியும் முன், பிப்ரவரி மாதமே உத்யம் சான்றிதழோடு பாக்கிப் பட்டியலை அக்கவுண்ட்ஸுக்கு மரியாதையான ஒரு கடிதமாக அனுப்புங்கள். மிரட்டல் தொனியே வேண்டாம், அந்தக் காகிதம் ஆடிட்டர் கைக்குப் போனால் போதும்.

பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும் என்ற விதியும் உண்டு. அதையும் ஞாபகப்படுத்தலாம்.

அப்படியும் தராவிட்டால்? சரக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா?

நீங்கள் வேலை செய்த அந்தச் சரக்கை, அதற்குரிய கூலி வரும் வரை வைத்துக்கொள்ளும் உரிமையை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவு தருகிறது. ஆனால் கடன் நாள் கொடுக்க ஒத்துக்கொண்டிருந்தால் அந்த உரிமை இல்லை. மூன்று மாதக் கடனுக்குக் கோட்டு தைக்க ஒப்புக்கொண்ட தையல்காரர் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது என்று சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. போன மாத பில்லுக்காக இந்த மாத மெட்டீரியலைப் பிடித்து வைப்பதும் இதில் வராது. ஆத்திரத்தில் அப்படிச் செய்தால் பிடி அவர்கள் கைக்குப் போய்விடும். புது வேலையை நிறுத்துங்கள், அது உங்கள் உரிமை.

செக் திரும்பினால் நாள் கணக்குத் தவறக் கூடாது. பேங்க் மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த 15 நாள் அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் வழக்கு. "அடுத்த வாரம் தர்றேன்" என்ற பேச்சை நம்பி முதல் 30 நாளை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

எம்எஸ்எம்இ சட்டப்படி முறையீட்டைக் கேட்கும் கவுன்சில் கோவையிலேயே இருக்கிறது. சென்னை, திருச்சி, மதுரையிலும் உண்டு. இணையத்தில் மனு போடலாம். தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டுமானால் எதிராளி தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். உறவு முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகே இந்தக் கதவைத் தட்டுங்கள். சாதாரணப் பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு என்பதால், ஒவ்வொரு மார்ச்சிலும் "இன்ன தேதியில் இவ்வளவு பாக்கி" என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்தால் கெடு அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

டிரெட்ஸ் பயன்படுமா?

நம் பில்லை வைத்து வங்கிகளிடம் முன்கூட்டியே பணம் வாங்கித் தரும் இணையத் தளம் அது. பார்ட்டி பெரியவராக இருந்தால் பயன்படும். விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் இதில் பதிவு செய்தாக வேண்டும். அவர்கள் பில்லை ஏற்றுக்கொண்டதும் வங்கிகள் ஏலம் கேட்கும், வட்டி கழித்த பணம் சீக்கிரம் வந்துவிடும். பார்ட்டி பிறகு வங்கிக்குக் கட்டாவிட்டாலும் உங்களைத் தேடி வர மாட்டார்கள். சின்னப் பார்ட்டிகளிடம் இதைப் பேசிப் பயனில்லை.

ரிஜெக்‌ஷன் என்று டெபிட் நோட் வருகிறது. ஏற்றுக்கொள்வதா?

டெபிட் நோட் என்றால் உங்கள் பில்லில் இவ்வளவு கழிக்கிறோம் என்று அவர்கள் அனுப்பும் சீட்டு. நேரில் போய்ப் பீஸைப் பாருங்கள், போனில் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கேஜும் (அளவு சோதிக்கும் கருவி) உங்கள் கேஜும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். ஒருமுறை 60 பீஸ் ரிஜெக்ட் என்றார்கள். துளையின் அளவு பார்க்கும் என் பிளக் கேஜை எடுத்துப் போய் அவர்கள் கேஜோடு வைத்துச் சோதித்தோம். அவர்களுடையது தேய்ந்திருந்தது. குவாலிட்டி இன்ஜினியர் நல்ல மனிதர், அன்றே டெபிட்டை ரத்து செய்தார். உங்கள் அளவுக் கருவிகளை வருடம் ஒருமுறை காலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்து சான்றிதழ் வைத்திருந்தால்தான் இப்படிப் போய் நிற்க முடியும்.

தப்பு நம்முடையது என்றால் உடனே ஒத்துக்கொண்டு, எப்போது மாற்றித் தருவோம் என்று தேதி சொல்லுங்கள். கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் டெபிட் நோட் போட்டதால் உங்கள் ஜிஎஸ்டி குறையாது. பில் தொகையைக் குறைத்து நீங்கள் கிரெடிட் நோட் போட வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள்.

ஒரே கம்பெனிதான் முழு லோடும் தருகிறது. நல்லதுதானே?

தூக்கம் வருகிறதா என்று பாருங்கள். பாதிக்கு மேல் ஒரே இடம் என்றால் ரேட்டும் கடன் நாளும் அவர்கள் சொல்வதுதான். சின்ன பார்ட்டி இரண்டு பேரையாவது, லாபம் குறைந்தாலும், எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள்.

புது மிஷினுக்கு மானியம் கிடைக்குமா?

மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் திட்ட மதிப்பில் 25 சதவீதம், 75 லட்சம் வரை மானியம் உண்டு. ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்களும் கேட்கலாம். பட்டியல் சமூகத்தவர்க்கும் பழங்குடியினருக்கும் அம்பேத்கர் பெயரிலான திட்டத்தில் 35 சதவீதம். ஆனால் மானியத்துக்காக மிஷின் வாங்காதீர்கள். இருக்கிற மிஷின் 140 மணியிலிருந்து 170 மணி ஓடினால் மணி அடக்கம் 643-லிருந்து ஏறக்குறைய 530-க்கு இறங்கும். கூட ஓடும் நேரத்துக்குக் கரண்டும் இன்சர்ட்டும் கொஞ்சம் கூடும், அதைச் சேர்த்தாலும் பெரிய இறக்கம்தான். அந்த 30 மணியை முதலில் தேடுங்கள்.

மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டுப் பட்டறைக்கு வருகிறான். முதலில் எதைப் பழக்குவது?

என் மகனுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். முதல் மாதம் டெலிவரி வண்டியில் அனுப்பினேன். எந்தக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் எங்கே, யார் எண்ணி வாங்குகிறார், எங்கே சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போனால் சீக்கிரம் வேலை முடியும் என்று தெரிந்துகொண்டான். இரண்டாம் மாதம் மிஷின் பக்கத்தில் நேர நோட்டை அவன் கையில் கொடுத்தேன். மூன்றாம் மாதம் ஒரு காலை, பாக்கிப் பட்டியலையும் போனையும் அவன் முன் வைத்துவிட்டு நான் வெளியே போய் நின்றுகொண்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால், எண்ணை அழுத்துவான், அடிக்கும் முன்பே வைத்துவிடுவான். மூன்று தடவை அப்படி. நான்காவது தடவை பேசினான். அரை மணி கழித்து வெளியே வந்து, "அப்பா, பில்லே அவங்களுக்குப் போய்ச் சேரலையாம். இப்பவே பைக்கை எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டு வந்தர்றேன்" என்றான்.